அகத்தி விமானம்: நடுங்க வைக்கும் 90 நிமிடங்கள்

லட்சத்தீவுக்குப் போகும் சின்ன விமானம் முதல்முறை பயணியை மிரட்டுகிறது. அந்தப் பயத்துக்கு மருந்தும் அதே விமானத்தில்தான் இருக்கிறது.

கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடியும்வரை எல்லோரும் தைரியசாலிகள்தான். லட்சத்தீவுக்கான நுழைவு அனுமதி பையில் இருக்கிறது. பவளப் பாறைகளைப் பற்றிய பேச்சு உற்சாகமாக ஓடுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி விமானத்தைப் பார்க்கும்போதுதான் முகம் மாறுகிறது. வளைகுடா நாடுகளுக்குப் புறப்படும் ராட்சத ஜெட் விமானங்களுக்கு நடுவே, அது யாரோ மறந்துவிட்டுப் போன பொம்மை போல நிற்கிறது. முதுகின் மேல் இறக்கை. இறக்கையில் இரண்டு விசிறிகள். ஏறும் வழியோ வாலுக்குப் பக்கத்தில். ஏணி என்று சொல்ல முடியாத அளவுக்குச் சில படிகள் மட்டுமே. கையில் டிக்கெட்டுடன் நிற்பவரின் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதிலா கடலைத் தாண்டுவது?

இதில்தான். வேறு வழி குறைவு. தமிழ்க் காதுக்குக் கீரையை நினைவூட்டும் அகத்தி, கொச்சியிலிருந்து சுமார் 460 கி.மீ. தொலைவில் அரபிக் கடலில் கிடக்கும் மெல்லிய மணல் கீற்று. லட்சத்தீவுகள் 36-இல் மக்கள் வாழ்பவை பத்து. அவற்றில் விமானம் இறங்கும் ஓடுபாதை உள்ளது இங்கே மட்டும்தான். 1988-இல் திறக்கப்பட்ட அந்த ஓடுபாதையின் நீளம் 1,204 மீட்டர். நெடும்பாசேரி ஓடுபாதை 3,400 மீட்டர். அகத்தியில் இரண்டு முனைகளிலும் கடல். பெரிய ஜெட் விமானம் இங்கே இறங்க நினைத்தால் கடலில்தான் போய் நிற்கும். குறைந்த வேகத்தில் இறங்கி, குறைந்த தூரத்தில் நிற்கக்கூடிய விமானம் வேண்டும். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே உட்காரக்கூடிய டோர்னியர் 228 வந்தது. பிறகு பிரெஞ்சு-இத்தாலியக் கூட்டு நிறுவனத்தின் ஏடிஆர் ரக விமானங்கள் வந்தன.

விசிறியைக் கண்டதும் பலர் செய்யும் முதல் தவறு, அதைப் பழைய காலத்து யந்திரம் என்று நினைப்பது. ஏடிஆரின் எஞ்சினும் ஜெட் விமானத்தில் இருப்பதைப் போன்ற டர்பைன் எஞ்சின்தான். ஜெட்டில் எஞ்சினின் சக்தி காற்றைப் பின்னால் பீய்ச்சப் பயன்படுகிறது. இங்கே அதே சக்தி பல்சக்கரங்கள் வழியாக ஆறு இலைகள் கொண்ட விசிறியைச் சுழற்றுகிறது. குறைந்த வேகத்தில் அதிக இழுவிசை தருவது விசிறிதான். குட்டையான ஓடுபாதையிலிருந்து எழும்ப முடிவதும் அதனால்தான். பார்வைக்குப் பழசாகத் தோன்றும் அந்த விசிறி, அகத்திக்குப் பொருத்தமான கருவி.

ஆனால் பயம் விளக்கங்களைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அதற்குக் கண்ணும் காதும் அதிகம். பெரிய விமானம் தன் வேலைகளைப் பயணியிடமிருந்து மறைத்துவிடுகிறது. சத்தம் தூரத்தில் கேட்கிறது. சக்கரம் கண்ணில் படுவதில்லை. குலுக்கலைப் பருத்த உடம்பு வாங்கிக்கொள்கிறது. சின்ன விமானம் எதையும் மறைப்பதில்லை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், ஜன்னல் வழியே சக்கரம் உள்ளே மடங்குவதுகூடத் தெரிகிறது. ஒவ்வொரு சத்தமும் நேராகக் காதில் விழுகிறது. அர்த்தம் தெரியாதவருக்கு அத்தனையும் அபாய மணி. அர்த்தம் தெரிந்தவருக்கு அது விமானி அடுத்தடுத்துச் செய்யும் வேலைகளின் பட்டியல்.

அந்தப் பட்டியல் தரையிலேயே தொடங்குகிறது. சில சமயம் பயணிகள் ஏறும்போது வலது பக்க எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். அதன் விசிறியோ அசையாமல் நிற்கும். ஏறும் முன்பே பழுதா என்று வயிறு கலங்கும். பழுது அல்ல. விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் எஞ்சினை ஓடவிடும் வசதி ஏடிஆரில் உண்டு.

அடுத்த சோதனை எழும்பிய ஓரிரு நிமிடங்களில். சக்கரங்கள் 'தொம்' என்று வயிற்றுப் பகுதிக்குள் போய் அடங்குகின்றன. தொடர்ந்து, அதுவரை காதைப் பிளந்த சத்தம் சட்டென்று இறங்குகிறது. விமானம் விழப்போகிறது என்று கை இருக்கையைப் பற்றுவது இந்த இடத்தில்தான். நடந்தது வேறு. எழும்புவதற்குத் தேவைப்பட்ட முழு சக்தியை விமானி குறைத்து, மேலேறுவதற்குப் போதுமான அளவில் வைக்கிறார்; விசிறியின் சுழற்சி வேகமும் குறைகிறது. சைக்கிளில் மேடேறி முடித்தவர் மிதிப்பதைத் தளர்த்துவதைப் போல. விமானம் தொடர்ந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

கேரளக் கரையின் தென்னை வரிசை பின்னால் போனதும் கீழே நீலம் மட்டும். இனி வருவது குலுக்கல். ஜெட் விமானங்கள் 35 ஆயிரம் அடிக்கு மேல் மேகங்களைத் தாண்டிப் பறக்கும். ஏடிஆர் பறப்பது பெரும்பாலும் 20 ஆயிரம் அடியை ஒட்டி அல்லது அதற்கும் கீழே. அந்த உயரத்தில்தான் மேகங்களின் நடமாட்டமும் அதிகம். எடை குறைந்த விமானம் காற்றின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் உணர்கிறது. பெரிய கப்பல் அசையாத அலையில் வள்ளம் ஆடுவதைப் போல. நூறு அடி விழுந்துவிட்டதாக உடம்பு சொல்லும்போது, பெரும்பாலும் விமானம் இறங்கியிருப்பது அதில் சிறு பகுதிதான். இறக்கை வளைவதும் பலவீனமல்ல. வளையும்படிதான் அதைச் செய்கிறார்கள். பறக்கும்போது இறக்கைமீது வரக்கூடியதாகக் கணக்கிட்ட மிக அதிகமான சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று காட்டிய பிறகே, இந்த வகை விமானங்களுக்கு அனுமதி கிடைக்கிறது.

இவ்வளவு கேட்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். விபத்தே நடப்பதில்லையா? நடக்கிறது. 1988 அக்டோபரில் குவாஹாட்டி அருகே ஃபோக்கர் விசிறி விமானம் மோதி, அதிலிருந்த 34 பேரும் மாண்டார்கள். 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்ராவில் ஏடிஆர்-72 விழுந்து 72 பேர் இறந்தார்கள். எஞ்சின் பழுதாகவில்லை. இறங்கும் நேரத்தில் ஒரு நெம்புகோலுக்குப் பதிலாக வேறு நெம்புகோல்கள் நகர்த்தப்பட்டு, இரண்டு விசிறிகளும் இழுவிசையை இழந்தன என்று விசாரணை சொன்னது. பயப்படுபவரிடம் இதை மறைப்பதில் பயனில்லை; அவர் ஏற்கெனவே படித்திருப்பார். சொல்ல வேண்டியது மிச்சக் கதையை. ஒவ்வொரு விபத்தும் விசாரிக்கப்பட்டு, அதன் பாடம் உலகெங்கும் விமானிகளின் பயிற்சிக்குள் போகிறது. விமானியின் திறமை குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்கப்படுகிறது. எழும்பும்போதே ஒரு எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பது அந்தச் சோதனையின் நிரந்தரக் கேள்வி. ஒரே எஞ்சினோடு மேலேறித் திரும்பி வந்து இறங்க ஏடிஆரால் முடியும்.

பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும் தீவுக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படுவதில்லை. அவருடைய கணக்கு வேறு. கொச்சியிலிருந்து கப்பலில் வந்தால் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம். பல தீவுகளில் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. வெளியே ஆடும் கடலில் கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். குழந்தையை இடுப்பிலும் பெட்டியைத் தோளிலும் வைத்துக்கொண்டு, படகு மேலெழும் நொடி பார்த்துக் கால் வைக்க வேண்டும். ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அதுவும் சிரமம். புற்றுநோய்க்கோ இருதயத்துக்கோ வைத்தியம் பார்க்கக் கொச்சிக்குப் போய்த் திரும்புகிறவருக்கு ஒன்றரை மணி நேர விமானம் சாகசம் அல்ல. அது பஸ். மிக அவசரமான நோயாளிகளைத் தீவுகளிலிருந்து கொண்டுபோவது ஹெலிகாப்டர். அதுவும் விசிறிதான்.

எனவே கேள்வி, பயப்படலாமா கூடாதா என்பதல்ல. பயத்தோடு எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான். அதற்குச் சில நடைமுறை வழிகள் இருக்கின்றன. காலை விமானம் நல்லது. வெயில் ஏற ஏறத் தரையின் சூடு காற்றைக் கிளப்பிவிட, புறப்படும்போதும் இறங்கும்போதும் பிற்பகலில் குலுக்கல் கூடும். குலுக்கலுக்குப் பயப்படுபவர் இறக்கைக்கு அடியில் இடம் கேட்கலாம். ஆட்டம் குறைவாகத் தெரிவது அங்கேதான். சத்தத்துக்குப் பயப்படுபவர் விசிறிக்கு நேரே உள்ள முன்வரிசைகளைத் தவிர்க்க வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் பாதி பயம் அடங்குகிறவர்கள் உண்டு. காபியும் மதுவும் வேண்டாம். ஒன்று படபடப்பைக் கூட்டும், இன்னொன்று பிறகு கூட்டும். மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் டப்பாவிலிருந்து அல்ல.

உடம்பை அடக்க மூச்சு போதும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்ட வேண்டும்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது. சில நிமிடங்களில் படபடப்பு தணியும். பெல்ட்டை இறுக்கிக்கொண்டால் உடம்பு விமானத்தோடு சேர்ந்து அசையும். குலுக்கலின் அதிர்ச்சி குறையும். இன்னொரு எளிய காரியத்தைப் பலர் வெட்கப்பட்டுச் செய்வதில்லை. ஏறும்போதே பணிப்பெண்ணிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவது. இப்படிச் சொல்லும் முதல் பயணி அவரல்ல. குலுக்கல் வரும்போது வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக, சின்ன விமானத்தில் அவருக்கு நடக்க வேண்டிய தூரமும் குறைவு.

பயணியை மிகவும் கலக்கும் செய்தி ஒன்று உண்டு: விமானம் தாமதம், அல்லது வானிலை சரியில்லாமல் திரும்புகிறது. உண்மையில் மிகவும் ஆறுதல் தர வேண்டிய செய்தி அதுதான். அகத்தியில் இறங்க முடியாவிட்டால் வேறு விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் எரிபொருளையும் சேர்த்துத்தான் விமானம் புறப்படுகிறது. ஓடுபாதை குட்டை என்பதால் ஏடிஆர்-72-இன் இருக்கைகள் எல்லாவற்றையும் நிரப்ப முடியாமல் எடையைக் குறைத்துப் பறக்கும் வழக்கமும் இங்கே உண்டு. காலி இருக்கையைப் பார்த்து விமானம் ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைப்பவர்கள், அது கணக்குப் போட்டுக் காலியாக விடப்பட்ட இடமாக இருக்கலாம் என்பதை அறிவதில்லை. பெட்டியின் எடையில் ஒரு கிலோகூட விட்டுக்கொடுக்காத கவுண்ட்டர் ஊழியரைத் திட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

கடைசிப் பதினைந்து நிமிடங்களில் நீலம் நிறம் மாறுகிறது. கடலின் கருநீலத்தில் பச்சை வட்டம் ஒன்று தெரிகிறது. அதன் ஓரத்தில் தென்னை அடர்ந்த கோடு. கோட்டின் தென்முனையில் சாம்பல் நிறத்தில் ஓடுபாதை, அதை விட்டால் தண்ணீர். முதல்முறை வருபவர் கண்ணை மூடிக்கொள்ளும் இடம் இது. மூடாமல் இருந்தால் நல்லது; லட்சத்தீவில் பார்க்க வேண்டிய மிக அழகான காட்சி இந்த இரண்டு நிமிடங்கள்தான். சக்கரம் 'தட்' என்று தரையைத் தொடுகிறது. மோசமான விமானி என்று அர்த்தமல்ல. குட்டையான ஓடுபாதையில் மெதுவாக மிதந்து இறங்கினால் நிற்பதற்கான இடம் வீணாகும். அழுத்தி இறக்குவதே சரி. உடனே விசிறிகள் உறுமுகின்றன. இலைகளின் கோணம் மாறி, முன்னே இழுத்த விசிறிகள் இப்போது விமானத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. உடம்பு பெல்ட்டில் சாய்கிறது. விமானம் நின்று, திரும்புகிறது.

வெளியே உப்புக் காற்றும், சிறிய கட்டடம் ஒன்றும், கொச்சிக்குப் போகக் காத்திருப்பவர்களும். கையில் துணிப்பை, மடியில் தூங்கும் குழந்தை, மருத்துவமனைக் கோப்பு. வந்து இறங்கிய பயணி சில நாள் கழித்து அவர்களோடு அதே வரிசையில் நிற்பார். பயம் போயிருக்காது. ஆனால் எழும்பியதும் சத்தம் குறையும்போது, அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.