மூன்று பேர், ஒரு லேத், ஒரு பத்திரம்
(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



லேத்தின் பாகங்கள் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், கேரேஜ் என்று வரிசையாகச் சொல்லி விடுவோம். அந்த லேத்தைக் கடனில் வாங்கிச் சொந்தமாகத் தொழில் செய்தால், கடனுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் திருதிருவென்று விழிப்போம். "படிச்சு முடிச்சுட்டு ஒரு பட்டறை போட்டுடலாம்டா" என்று கேன்டீனில் பேசாத மாணவன் இல்லை. நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் அந்தப் பேச்சை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தோம். எழுத எழுதத் தெரிந்து கொண்டதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

மாமாவின் பட்டறை

என் தாய்மாமா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். கூட்டாளி ஒருவர். பத்திரம் கிடையாது, பதிவு கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். கூட்டாளி பட்டறை பெயரில் இரும்புக் கடையில் கடனுக்குச் சரக்கு எடுத்தார். ஒருநாள் ஆளையே காணோம். கடைக்காரர் மாமாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, தொழிலுக்காக ஒரு கூட்டாளி வாங்கும் கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. "பாதிதான் என் பங்கு" என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொரு பக்கம், பட்டறைக்குப் பணம் தர வேண்டிய ஒரு கம்பெனி கையை விரித்தது. வழக்குப் போடலாம் என்று போனால், பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது என்றார் வக்கீல். சரி, இப்போதாவது பதிவு செய்வோம் என்றால் கூட்டாளியின் கையெழுத்து வேண்டும். அவரைத்தான் காணோமே! கொடுக்க வேண்டியதைக் கொடுத்தே ஆக வேண்டும். வர வேண்டியதைக் கேட்க வழியில்லை. லேத்தும் போயிற்று, அத்தையின் நகையும் போயிற்று.

"கூட்டாளி நல்லவனான்னு மட்டும் பாத்தாப் போதாது கண்ணு. அவன் கெட்டுப் போனா நமக்கு என்ன மிஞ்சும்னும் பாக்கோணும்" என்பார் மாமா.

நான்கு வழிகள்

தனியாள் நிறுவனம்: தொடங்க எளிது, மூடவும் எளிது. லாபம் முழுவதும் உனக்கே. வருமான வரியும் தனிநபர் விகிதப்படிதான். ஆனால் தொழில் வேறு, நீ வேறு இல்லை. தொழில் கடன் உன் சொந்தச் சொத்து வரை வரும்.

கூட்டாண்மை: பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பத்திரத்தில் எதுவும் சொல்லாவிட்டால் லாபம் சமபங்கு. வேலை செய்யும் கூட்டாளிக்குச் சம்பளமும் கிடையாது. ராத்திரி ஷிப்ட் பார்ப்பவனுக்கும் வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பவனுக்கும் ஒரே பங்கு என்றால் நட்பு எத்தனை நாள் தாங்கும்?

எல்.எல்.பி.: 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நிறுவனத்தின் கடன் நிறுவனத்தோடு நிற்கும். ஒருவர் செய்த தவறு இன்னொருவர் வீட்டுக்குப் போகாது. மோசடி செய்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். விற்றுவரவு 40 லட்சமும் முதலீடு 25 லட்சமும் தாண்டாதவரை தணிக்கை கட்டாயமில்லை.

பிரைவேட் லிமிடெட்: கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். 1896இல் லண்டன் பூட்ஸ் வியாபாரி சாலமன் வழக்கில் உறுதியான கொள்கை இது. வெளியார் முதலீடு வாங்க வசதி. ஆனால் சின்னக் கம்பெனியானாலும் ஆண்டுத் தணிக்கை உண்டு.

ஒரு எச்சரிக்கை! லிமிடெட் என்று பலகை மாட்டினாலும், வங்கி உங்களிடம் சொந்த ஜாமீன் கையெழுத்துக் கேட்கும். போட்டால் அந்தக் கடன் மறுபடி உங்கள் தலையில்தான்.

நோட்டுக் கணக்கு

பழைய லேத் ஒன்று, டிரில்லிங் மெஷின் ஒன்று. மாத வாடகை 8,000, மின்சாரம் 6,000, உதவியாள் கூலி 15,000, கடன் தவணை 9,000, டூல், ஆயில் 4,000, எங்கள் மூவர் செலவுக்குத் தலா 10,000. மொத்தம் 72,000 ரூபாய். 25 நாள் வேலை என்றால் நாளுக்கு 2,880. இரண்டு மெஷினும் தலா 6 மணி நேரம் உருப்படியாக ஓடினால் மணிக்கு 240 ரூபாய். இதற்குக் கீழே ஜாப் ஆர்டர் எடுத்தால் கையிலிருந்து போடுகிறோம் என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம், பணம் எப்போது வரும் என்பது. கம்பெனி 90 நாள் கழித்துத் தந்தால், அதுவரை தாக்குப்பிடிக்க 2,16,000 ரூபாய் கையில் வேண்டும். மெஷின் விலையைப் போட்டு விட்டு இந்தத் தொகையை மறந்தால் கதை கந்தல்தான். இதற்காகவே முதல் நாளே உத்யம் பதிவு செய்யுங்கள்; இணையத்தில் இலவசம். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர்த்துக் கேட்கலாம். ஜாப் ஒர்க்குக்கு ஆண்டுக்கு 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்றாலும், பெரிய கம்பெனிகள் ஜி.எஸ்.டி. பில் கேட்பதால் நாமாகவே பதிவு செய்து கொள்வது நல்லது.

எங்கள் முடிவு

நம்மில் பலருக்குப் படிப்பு முடியும்போது வயது 18தான். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் டிப்ளமோ படித்தவருக்கு 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் 21 வயது நிறைய வேண்டும். ஆகவே மூன்று ஆண்டு வேலைக்குப் போவோம், தொழிலையும் கற்போம், ஆளுக்கொரு சேமிப்புக் கணக்கும் வைப்போம். பிறகு எல்.எல்.பி. எங்கள் அமைப்புக்கு மானியம் உண்டா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் முன்கூட்டியே கேட்டுக் கொள்வோம். அம்மாக்கள் பெயரில் உள்ள வீட்டை ஈடு வைப்பதில்லை. பெற்றோர் யாரும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் மெஷின் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் நாலு விஷயம் எழுதுவோம்: யார் எவ்வளவு முதல், யாருக்கு என்ன வேலை, மாதம் எவ்வளவு எடுக்கலாம், ஒருவன் விலகினால் அவன் பங்கை எப்படிக் கணக்கிடுவது. கடைசி விஷயத்தைப் பேசும்போது மூவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "இப்பவே பிரிவைப் பத்திப் பேசணுமாடா?" என்றான் ஒருவன். சிரித்த முகமாக இருக்கும்போது பேசினால்தான் நியாயமாகப் பேச முடியும். சண்டை வந்த பிறகு யார் யாருக்கு விட்டுக் கொடுப்பார்கள்?

தோழர்களே, பட்டறை வைக்கும் எண்ணமிருந்தால் உங்கள் கூட்டாளியோடு இந்த நாலு கேள்விக்கும் இன்றே பதில் எழுதிப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும், ஒரு குயர் நோட்டு போதும்.