பொழுது போகாதவர்களுக்கான படிப்பு

காவிரி இரண்டாகப் பிரிந்து வளைத்தோடும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பழைய வீடொன்றில், உளவியல் முதுகலை முடித்த தமிழ் மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் எதிரே பல்லாங்குழிப் பலகையை விரித்தாள். பக்கவாதத்திற்குப் பின் அவருடைய வலக்கை தளர்ந்திருந்தது. இயன்முறை மருத்துவர் கற்பித்த விரற்பயிற்சிகளை அவர் இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இனி இந்தக் கையை வைத்து என்னம்மா செய்யப்போகிறேன்?" என்பதே அவர் கேட்ட கேள்வி.

பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. ஒவ்வொன்றையும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி, குழிதோறும் ஒன்றாக இடவேண்டும். நான்கு சேர்ந்த குழி 'பசு' ஆகும்போது அதைக் கவனித்து எடுக்கவேண்டும். பிடிப்பு, கணக்கு, கவனம், முறைமாற்றம், எதிராளியின் முகம் பார்த்தல் ஆகிய எல்லாம் ஒரே ஆட்டத்தில் அடங்கின. கொட்டைகள் பலமுறை தரையில் சிதறின. பேத்தி ஒரு பசுவைக் கவனியாது விட்டபோது, பல நாள் பேசாதிருந்த தாத்தா, "அது உன் காய், எடுத்துக்கொள்" என்றார். மறுநாள் காலை விரற்பயிற்சியையும் அவரே தொடங்கினார். ஆட்டம் பயிற்சிக்கு மாற்றாகிவிடவில்லை. பயிற்சிக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது.

அன்றுதான் அவள் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் ஆவதெனத் தீர்மானித்தாள். வங்கித் தேர்வுக்கு நூல்கள் வாங்கி வைத்திருந்த தந்தை, "விளையாட்டுக் காட்டுவதற்கு ஒரு பட்டமா?" என்றார். அக்கேள்வியை ஏளனம் என்று தள்ளிவிட இயலாது. மகளின் பிழைப்பைப் பற்றிய கவலை அதில் இருக்கிறது.

'பொழுதுபோக்கு' என்னும் சொல் நம்மிடம் சற்று இளக்காரமாகவே வழங்குகிறது. ஆனால் நீண்ட நோயில் கிடப்பவருக்குப் பொழுது போவதில்லை என்பதே பெருந்துன்பம். இத்தீவில் 1794-இல் பிறந்து, 1799-இல் சிறுவனாக அரியணையில் அமர்த்தப்பட்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து 1831-இல் கும்பினியார் ஆட்சிப்பொறுப்பைப் பறித்தனர். 1868-இல் மறையும்வரை ஆட்சி அவரிடம் திரும்பவில்லை. அந்த நெடுங்காலத்தில் அவர் சதுரங்கக் குதிரைப் புதிர்களிலும், பலகை ஆட்டங்களிலும், கஞ்சிஃபா சீட்டு வகைகளிலும் மனம் தோய்ந்தார். ஸ்ரீதத்துவநிதியின் ஒன்பது பகுதிகளில் ஒன்றாகிய கௌதுகநிதியில் ஆட்டங்களும் இடம்பெற்றன. அதைச் சிகிச்சை என்பது மிகை. எனினும், செய்தொழில் பறிபோன மனிதர் அறிவையும் ஒழுங்கையும் ஆட்டத்தில் நிலைநிறுத்திக்கொண்டதற்கு அது ஒரு சான்று.

ஆட்டம் சிகிச்சையாவது எப்போது? நோயாளி எதை விரும்பினார், எதை இழந்தார், எதைச் செய்ய வல்லார் என மதிப்பிடுதல், அதற்கேற்ப இலக்கு வகுத்தல், நடத்துதல், விளைவை அளந்து பதிதல். இந்நான்கும் இருந்தால்தான் அது சிகிச்சை. இல்லையேல் வெறும் கேளிக்கை. தொழில்வழிச் சிகிச்சை உண்ணல், உடுத்தல், வேலை போன்ற அன்றாடச் செயல்களை முதன்மையாகக் கொள்ளும். இது ஓய்வுநேரத்தையும் உறவாடலையும் மீட்டுத் தர முயலும். அமெரிக்காவில் இதற்கென 1981 முதல் சான்றளிப்பு மன்றம் உண்டு. பட்டம், குறைந்தது 560 மணிநேரக் களப்பயிற்சி, தேர்வு ஆகியவை அங்கே வழக்கமான வழி.

இந்தியாவில் நிலை விசித்திரமானது. இணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021-இன் அட்டவணையில் இயக்கச் சிகிச்சையாளர் என்னும் தலைப்பின்கீழ், அடைப்புக்குறிக்குள், கலை, நடனச் சிகிச்சையாளரோடு பொழுதுபோக்குச் சிகிச்சையாளரும் இடம்பெறுகிறார். சட்டம் பெயரைத் தந்துவிட்டது. அப்பெயருக்குரிய படிப்பும் பணியிடமும் அதே அளவில் பெருகவில்லை. ஆர்வமுள்ளோர் தொழில்வழிச் சிகிச்சை, மனநலச் சமூகப்பணி, மறுவாழ்வு உளவியல் ஆகிய வாயில்கள் வழியாகவே நுழைய வேண்டியுள்ளது. அந்தத் துறைகளின் பதிவுவிதிகள் வேறு, ஊதியநிலை வேறு. இதை மாணவர்க்கு முன்கூட்டியே சொல்வது ஆசிரியரின் கடமை.

அவள் இதைத் தந்தையிடம் மறைக்கவில்லை. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் போன்ற மனநல மறுவாழ்வுப் பிரிவுகளில் முதலில் களப்பணி, பின்னர் பதிவுக்குரிய ஒரு பட்டம் எனத் தாளில் எழுதிக் காட்டினாள். தந்தை உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை. மாலையில் தாத்தா, "கொஞ்ச நேரம் நீ வந்து உட்காரடா" என்று மகனை அழைத்தார். அவர் உட்கார்ந்தார். குழிகளை நிரப்பியது தாத்தாவின் வலக்கை.

உளவியலும் சமூகப்பணியும் கற்பிக்கும் துறைகள் பாடத்திட்டத்தைத் திருத்தும் வேளையில் இதற்கு ஒரு விருப்பப்பாடம், ஒரு பருவக் களப்பயிற்சி என இடம் ஒதுக்கலாம். பல்லாங்குழியும் பரமபதமும் இங்கேயே இருக்கின்றன. அவற்றின் பயனை அளந்து எழுதும் ஆய்வேடுகளே இனி வரவேண்டியவை.