விடுபட்டது

போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஆயுள் ஐந்து வருடம். 2018 அக்டோபரில் வந்த 11-ஆம் பதிப்புக்கு 2023 நவம்பரில் கடைசித் திருத்தம் வந்தது. அதன்பிறகு அதில் ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லை. எங்கள் டேட்டாபேஸ் அந்தப் பதிப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன கிளினிக்குகளுக்கு டோக்கன் போட்டுக் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது. அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை இரவு 15-க்கு மாறுவது என்று முடிவானது. பொறுப்பு என்னுடையது.

டேட்டாபேஸ் கிளவுடில் இருந்தது. 'மேனேஜ்ட்' வகை. தமிழில் 'நிர்வகிக்கப்படும் தரவுத்தளம்' என்று சொல்லலாம். யாரால் என்று கேட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். டிஸ்க் கெட்டுப்போனால் அவர்கள் மாற்றுவார்கள். பேக்கப்பை அவர்கள் எடுப்பார்கள். நாம் குறித்துக் கொடுத்த நேரத்தில் சின்னச் சின்னத் திருத்தங்களைப் போடுவார்கள். ஆனால் எந்தக் கேள்விக்கு எவ்வளவு மெமரி, எது மெதுவாக ஓடினால் லாகில் எழுத வேண்டும், எப்போது பெரிய பதிப்புக்குத் தாவ வேண்டும் என்பதெல்லாம் நம் தலையில். நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பது ஆவணங்களில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. படிப்பதற்கு முன்னாலேயே நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தேன். ஐந்து வருடத்தில் யார் யாரோ மாற்றி வைத்த செட்டிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் மாற்றினார்கள் என்று பழைய மெயில்களைத் தோண்டினேன். பெரிய பதிப்பு மாறும்போது பழைய செட்டிங் தொகுப்பு கூடவே வராது. புதிதாக ஒன்று உருவாக்கி இணைக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் ஆரம்ப மதிப்புக்குப் போய்விடும். சிலது மாற்றியவுடன் அமலாகும், சிலது ரீஸ்டார்ட் ஆகும்வரை காத்திருக்கும். இதையெல்லாம் கவனித்தேன். ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு நகல் எழுப்பி ஒத்திகையும் பார்த்தோம்.

'தோம்' என்று எழுதியதில் இன்னொருவர் இருக்கிறார். அணியில் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண். கோயம்புத்தூர்க்காரர். செய்ய வேண்டியவற்றின் பட்டியலை அவர்தான் எழுதினார். ஒத்திகை முடிந்ததும் நோயாளியின் பழைய வருகைகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த ஒரு பக்கம் மட்டும் ஸ்லோவா இருக்குதுங்க. அப்கிரேட் பண்ணா அனலைஸ் ஓட்டணும்னு படிச்சேன். லிஸ்ட்ல சேத்துருக்கேன், சரிங்களா?" என்றார்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய நகலில் முதல் தடவை படிக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும். தரவு அப்போதுதான் பின்னாலிருந்து டிஸ்குக்கு வந்து சேரும். இது உண்மை. எனக்குத் தெரிந்த உண்மை என்பதால் அதையே காரணமாகச் சொன்னேன். "அதெல்லாம் மேனேஜ்ட்மா, அதுவே பாத்துக்கும்." பட்டியலில் இருந்த அந்த வரியை நானே அழித்தேன்.

அப்கிரேட் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஒரு வரி தரவுகூடத் தொலையவில்லை. ஞாயிறு முழுக்க அமைதி. திங்கள் காலை ஒன்பதே முக்காலுக்கு சிபியு நூறைத் தொட்டது.

போஸ்ட்கிரெஸ் ஒரு கேள்விக்குப் பதில் தேடும் முன் வழியைத் திட்டமிடும். எந்த டேபிளில் எத்தனை வரி, ஒரு நெடுவரிசையில் எத்தனை வகை மதிப்பு, எது அடிக்கடி வருகிறது என்ற குறிப்புகளை வைத்துத்தான் அந்தத் திட்டம். அந்தக் குறிப்புகளை எடுப்பதுதான் அனலைஸ். அன்றைய அப்கிரேட் தரவை அப்படியே கொண்டுவரும், குறிப்புகளைக் கொண்டுவராது. தானாக அனலைஸ் ஓட்டும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரு டேபிளில் சுமார் பத்து சதவீத வரிகள் மாறினால்தான் அது அசையும். எங்கள் வருகைப் பதிவு டேபிளில் இரண்டு கோடி வரிகள். ஞாயிற்றுக்கிழமையில் என்ன மாறியிருக்கும்?

குறிப்பு இல்லாதபோது அந்த நெடுவரிசையில் 200 வகை மதிப்புகள் இருப்பதாக அது வைத்துக்கொள்ளும். இரண்டு கோடியை 200-ஆல் வகுத்தால் ஒரு லட்சம். அதாவது மூன்றே முறை வந்துபோன ஒரு குழந்தைக்கு ஒரு லட்சம் வருகை இருக்கும் என்று நினைத்து, அதற்கேற்ற பெரிய வழியைத் தேர்ந்தெடுத்து, டேபிளை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டோக்கனுக்கும்.

ஈரோட்டில் ஒரு குழந்தைகள் கிளினிக்கிலிருந்து வந்த போனை நான்தான் எடுத்தேன். ரிசப்ஷனில் இருக்கும் அக்கா திட்டவில்லை. "சார், நான் நோட்டுல எழுதி அனுப்பிட்டு இருக்கேன். ஆனா டாக்டருக்குப் பழைய மருந்து என்னன்னு தெரியலைங்க. காய்ச்சலோட உக்காந்துருக்குதுங்க குழந்தைங்க, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்றார். பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

காரணம் பிடிபட ஒன்றரை மணி நேரம் ஆனது. அனலைஸ் ஓடி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இயல்பான அமைப்பில் அது டேபிளுக்கு முப்பதாயிரம் வரிகளை மட்டும் மாதிரி பார்க்கும், அவ்வளவுதான். சிபியு வரைபடம் மலையிலிருந்து கல் விழுவதுபோல் இறங்கியது.

சாயங்காலம் அறிக்கை எழுதினேன். 'அப்கிரேடுக்குப் பிந்தைய புள்ளிவிவரப் பணி விடுபட்டுவிட்டது.' எங்கள் துறையில் இப்படித்தான் எழுதுவார்கள். ஆளைக் குறை சொல்லாதே, அமைப்பைப் பார் என்பது நல்ல கொள்கை. அந்தக் கொள்கையை நம்பித்தான் எழுதினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார்: "செக்லிஸ்ட் யார் போட்டது?" அந்தப் பெண், "நான்தாங்க சார்" என்றார். "அடுத்த தடவை கவனமா போடுங்க." அவர் தலையாட்டினார். என் பக்கம் பார்க்கவில்லை. நான் லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றுமில்லை.

அன்று இரவு அந்தப் பட்டியலின் மாற்ற வரலாற்றைத் திறந்தேன். அவர் சேர்த்த வரி, தேதி, நேரம். அதன் கீழே என் பெயர், 'நீக்கப்பட்டது'. கருவி இவ்வளவு நேர்மையாகக் குறித்து வைத்திருக்கிறது. விடுபட்டது என்றால் தானாகக் கழன்று விழுந்ததுபோல ஒரு தொனி. தானாக எதுவும் விழவில்லை. கேட்டவரை வாயடைத்துவிட்டு நான் எடுத்துப்போட்டேன்.

புதன்கிழமை காலை அறிக்கையைத் திருத்தினேன். 'பட்டியலில் இருந்த வரியை நான் நீக்கினேன். ஒத்திகையில் வந்த எச்சரிக்கையையும் நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன்.' எல்லோருக்கும் அனுப்பினேன். மேனேஜர் கட்டைவிரல் குறி போட்டார், அத்தோடு சரி. அவரிடம் நேரில் போய் மன்னிப்பு கேட்டேன். "பரவால்லைங்கண்ணா" என்றார். ஆனால் பிறகு மூன்று நான்கு மாதம் அவர் என்னிடம் எதையும் கேள்வியாகக் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தார், சரியாகச் செய்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திங்கள்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் நான் சும்மா இருந்த நேரம், எந்தத் திருத்தத்திலும் திரும்பி வரவில்லை.

2025 செப்டம்பரில் போஸ்ட்கிரெஸ் 18 வந்தது. அப்கிரேட் செய்யும்போது அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை இனி அதுவே கூடவே எடுத்துவரும் என்று வெளியீட்டுக் குறிப்பில் இருந்தது. அந்த இணைப்பை அவர்தான் எனக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: "அண்ணா, இனிமே அதுவே பாத்துக்குமாம். இருந்தாலும் லிஸ்ட்ல போட்டு வைக்கட்டுங்களா?"

"போடுங்க" என்று பதில் அனுப்பினேன்.