அரைப் பேர்

உயர்தரத்தில் கணிதம் படிக்கிற என் தம்பி ஒரு ராத்திரி கேட்டான்: "அக்கா, உலகத்துல மனுசனே இல்லாட்டியும் ரெண்டும் ரெண்டும் நாலுதானா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அடுப்படியில இருந்து அம்மா சத்தம் போட்டாங்க: "மனுசன் இல்லாட்டி கொழுந்த யாரு நிறுக்கிறது?"

சிரிச்சோம். ஆனா அந்தக் கேள்வி என்னை விடல.

எண்கள் நம்ம மனசுக்கு வெளியேயும் இருக்குன்னுதான் நான் நம்புறேன். கொஸ்லந்த டவுன் கடையில முதலாளி எக்க, தெக்க, துனன்னு எண்ணுவார். நான் ஒன்று, இரண்டு, மூன்றுன்னு எண்ணுவேன். மொழி வேற, மீதிக்காசு ஒன்றுதான். ராமானுஜனுக்குத் துணையா நின்ன ஹார்டியும் இந்தப் பக்கம்தான். கணித உண்மைகளை நாம உண்டாக்கல, ஏற்கனவே இருக்கிறதைக் கண்டுபிடிக்கிறோம்னு 1940இல் வந்த தன் புத்தகத்தில் வாதாடினார்.

அம்மாவையே எடுத்துக்குங்க. தராசுக்கு வரும் முன்னாடியே, "இன்னைக்கு பத்தொம்பது இருக்கும்"னு சொல்லுவாங்க. முள்ளு பெரும்பாலும் அங்கதான் நிக்கும். தராசு அந்தப் பாரத்தை உண்டாக்கல. அது சாக்குக்குள்ள முதல்லயே இருந்தது.

இதைச் சொன்னதும் தம்பி மடக்கினான். "கிலோங்கிறதே மனுசன் வெச்சதுதானே?"

நியாயமான கேள்வி. இதுக்கு 1884இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஃபிரேக வழி சொல்லியிருக்கார். ஒரு பொருளைக் காட்டி "எத்தனை?"ன்னு மட்டும் கேட்டா பதில் கிடையாது. எது எத்தனைன்னு கேக்கணும். எங்க லயத்தைக் காட்டிக் கேட்டா ஒன்றுன்னும் சொல்லலாம், பன்னிரண்டு காம்பரான்னும் சொல்லலாம். உள்ள இருக்கிற ஆட்களை எண்ணினா இன்னொரு கணக்கு வரும். எதை ஒன்றாக எண்ணுவதுன்னு நாமதான் தீர்மானிக்கிறோம். தீர்மானிச்ச பிறகு பதில் நம்ம கையில இல்ல. வட கடலோட எல்லையை மனுசன்தான் கோடு போட்டு வெச்சான், அதுக்காக அந்தக் கடல் கற்பனை ஆயிடாதுன்னு ஃபிரேக உதாரணம் காட்டுவார்.

தத்துவ வகுப்பில் இதோட பாடம் முடிஞ்சிடும். தோட்டத்துல இங்கதான் ஆரம்பிக்குது.

தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. எங்க மலையில 18 கிலோ எடுத்தாதான் முழுப் பேர். அம்மாவோட 19 கிலோவில் சாக்குக்கும் ஈரத்துக்கும்னு 2 கிலோ கழிப்பாங்க. மிச்சம் 17. செக்ரோல்ல அரைப் பேர் விழும். காலையில ஏழு மணிக்கு முழு ஆளா மலை ஏறின அம்மா, சாயங்காலம் அரை ஆளா இறங்கி வருவாங்க.

19இல் 2 போனா 17. இதை எந்தத் தொழிற்சங்கமும் மறுக்க முடியாது. ஆனா ஏன் 2? வெயில் காயுற நாள்லயும் ஏன் ஈரம்? ஏன் 18? கேட்டா, "கணக்கு அப்படித்தான் வருது"ன்னு பதில் வரும். கழித்தல் சரிதான். கழிவுதான் சரியில்ல. மனுசன் வெச்ச ஒன்றை, ரெண்டும் ரெண்டும் நாலு மாதிரி மாற்ற முடியாததாகக் காட்டுறதுதான் இதில் இருக்கிற வித்தை.

இதே வித்தை எங்க தாத்தா, அப்பாயி காலத்திலும் நடந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேர்ல 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம்னு எழுதினாங்க. அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிச்சாங்க. கூட்டிப் பாருங்க, ஒரு ஆள் பிசகாது. அந்த ஆட்கள்கிட்ட மட்டும் யாரும் கேக்கல.

அந்த ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருஷம் நிறைய ஒரே நாள் இருக்கும்போது, 2014 ஒக்டோபர் 29 காலையில, கொஸ்லந்தக்குப் பக்கத்துல மீரியபெத்த சரிஞ்சது. லயங்களை மண் மூடிடுச்சு. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தப்போ வீடு இருந்த இடமே இல்ல. அப்போ நான் ஆறாம் ஆண்டு. ரேடியோவில் நூறுக்கு மேலன்னாங்க, முந்நூறு வரைக்கும்னாங்க, பிறகு எண்ணிக்கை இறங்கிக்கிட்டே வந்தது. அன்னைக்கு யார் காம்பராவில் இருந்தாங்க, யார் வேலைக்குப் போயிருந்தாங்கன்னு பெரியவங்க விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தாங்க.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் அந்த மண்ணுக்கு அடியில இருக்கு. வெளியில சொன்ன எண் மாறிக்கிட்டே இருந்தது. உள்ள இருந்த எண் மாறவே இல்ல. நமக்குத் தெரிஞ்சாலும் தெரியாட்டியும், எந்த மொழியில எழுதினாலும் எழுதாட்டியும், அது ஒரே எண்தான். அப்படி ஒரு எண் வெளியே இருக்குன்னு நம்பாட்டி, "நீங்க சொன்ன கணக்கு தப்பு"ன்னு யாரைப் பார்த்தும் நாம சொல்ல முடியாது.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி முடிச்சேன். அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

"அந்த ரெண்டு கிலோ எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சியா?"ன்னாங்க.

இன்னும் இல்லம்மா.