கதவடைத்த கோயில்

மறைத்து வைத்த பொருளுக்கு மதிப்பு மிகுதி என்பர். பண்டை உரோமப் பேரரசின் மக்களும் அவ்வாறே எண்ணினர் போலும். ஊரறிய நடந்த திருவிழாக்கள் ஒருபுறம் இருக்க, தீக்கை பெற்றவர் மட்டுமே அறிந்த மறைச் சமயங்கள் பல அங்கே தழைத்திருந்தன. அவற்றுள் என் நெஞ்சைக் கவர்ந்தது மித்ராஸ் சமயம்.

இயற்பியல் பயிலும் உனக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு. இச்சமயத்தாரின் மறைநூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியவை கல்லும் எலும்புமே. கண்ணுக்குப் புலனாகாத துகளை அதன் தடங்கொண்டு அறிவது போல, இவர்களையும் தடங்கொண்டே அறிய வேண்டியிருக்கிறது.

அத்தடங்கள் கூறுவன யாவை? குகை போன்ற இருண்ட சிற்றறை. இருபுறமும் நீண்ட திண்ணைகள். பெரும்பாலும் முப்பது நாற்பது பேருக்குமேல் இடமிராது. எதிரே, மித்ராஸ் காளையைக் கொல்லும் சிற்பம். அருகில் நாய், பாம்பு, தேள், காக்கை. இவை விண்மீன் கூட்டங்களைக் குறிப்பன என்று டேவிட் உலான்சி 1989-இல் ஒரு நூலில் வாதிட்டார். அறிஞர் எல்லாரும் அதை ஏற்கவில்லை. உறுப்பினர்க்குப் படிகள் ஏழு. முதற்படி காக்கை, முடிவான படி தந்தை. பல கோயில்களில் கோழி எலும்புகள் கிடைத்திருப்பதால், கூடி உண்டனர் என்பது தெளிவு.

வந்தவர் யாவர்? படைவீரர், வணிகர், சுங்க அலுவலர், அடிமைகள். பலர் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள். பிரிட்டனின் வடக்கே, ஹேட்ரியன் மதிலை ஒட்டிய காரபரோவில் 1949-இல் ஒரு மித்ராஸ் கோயில் வெளிப்பட்டது. அங்குள்ள பலிபீடம் ஒன்றில், படைத்தலைவர் ஒருவர் தம் பெயரோடு இத்தாலியிலுள்ள தம் சொந்த ஊரையும் பொறித்திருக்கிறார். குளிர் மிகுந்த அந்த எல்லைப்புறத்தில் ஊர்ப்பெயரை எழுதத் தோன்றிய நெஞ்சம் எத்தகையது! நெல்லையை விட்டுத் தில்லிக்கு வந்து முதற் பனிக்காலத்தைக் கழித்த எனக்கு அது புரிகிறது. ஞாயிறு மாலையில், விடுதி அறையொன்றில் பத்துப் பேர் நெருங்கி அமர்ந்து, தமிழ் பேசிப் புளிக்குழம்பு உண்ணாதிருந்தால் நான் ஊர் திரும்பியிருப்பேன்.

ஆனால், அந்தக் கோயிலுக்கு ஒரு குறை உண்டு. உறுப்பினராக நாம் அறிந்தவர் ஆடவரே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடை செய்தார். சிறு சிறு அறைகளில் அடங்கிக் கிடந்த சமயம் அறையோடு அழிந்தது. காத்தவர்களும் மறைந்தனர், காத்த பொருளும் மறைந்தது. இலண்டனில் 1954-இல் அகழ்ந்தெடுத்த மித்ராஸ் கோயிலை 2017 முதல் அது இருந்த இடத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கின்றனர். இன்று ஆணும் பெண்ணும் அங்கே நுழையலாம். அங்கே ஓதிய சொல்தான் இல்லை.

நண்பர்களே, நம் ஞாயிறு கூட்டம் நடப்பதும் ஆடவர் விடுதியில். நம் தோழியர் அங்கு வர விதி இடந்தரவில்லை. முதலாண்டில் அவர்களுக்கும் அதே குளிர்தான், அதே ஏக்கந்தான். அவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த பருவம் முதல் நூலகத்தின் எதிரேயுள்ள புல்வெளியில் கூடுவோம். வழியே போகும் பிறமொழி நண்பர் எட்டிப் பார்த்தாலும் பார்க்கட்டும். குழம்புப் பானையை நான் சுமந்து வருகிறேன்.