ஸ்ராட்டர் முரண்டு பிடித்தால்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போரிடம் சகுனம் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் முதல் இழுப்பிலேயே எஞ்சின் உயிர்பெற்றால் அன்றைய நாள் நன்று. "டக்" என்றொரு சத்தத்துடன் அடங்கிவிட்டால் எடுத்த காரியம் ஆகாது.

எமது வீட்டிலுள்ளது 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். தகப்பனார் விட்டுச்சென்றது. 1990களில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டி. கனடாவிலுள்ள தமையனார் அதனை விற்றுவிடும்படி சொல்லிக்கொண்டேயிருக்கிறார். முழங்கால் மடங்காத எமது தாயாரோ முச்சக்கர வண்டியில் ஏறமாட்டார். மாதமொருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இதைவிட்டால் வேறு கதியில்லை.

அவ்வண்டி சில மாதங்களாக முனகத் தொடங்கியது. ஸ்ராட்டர் குமிழை இழுத்தால் எஞ்சின் இரண்டு சுற்றுச் சோம்பலாகச் சுழன்று நின்றுவிடும். கராஜில் ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கிடைத்தது: "மோட்டர் முடிஞ்சுது, சேர். வேறை போடுவம்." தமையனாரின் பக்கத்திற்கு வலுச்சேர்த்த தீர்ப்பு அது.

பௌதிகவியல் கற்பிப்பது எமது தொழில். ஆகவே சாட்சி விசாரியாமல் தண்டனை கொடுக்க மனம் வரவில்லை.

முதற் சோதனைக்குக் காசு செலவில்லை. முன்விளக்குகளை ஏற்றிவைத்து, ஒருவரை எதிரே நிறுத்தி, குமிழை இழுக்கவேண்டும். விளக்குச் சற்றும் மங்காமல் நின்று மோட்டரும் வாய்திறவாதாயின், மின்னோட்டம் அங்கே போய்ச் சேரவில்லை என்பது பொருள். ஆளி, கேபிள், தேய்ந்த காபன் பிரஷ் என்பவற்றைப் பார்க்கவேண்டும். விளக்கு அடியோடு மங்கினால் பற்றறி வலுவிழந்திருக்கலாம். அல்லது மோட்டரின் பினியன் பிளைவீற் பல்லிற் சிக்கியிருக்கலாம். சிக்கியதாயின் திறப்பை மூடி, நாலாம் கியரிற் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும்.

மோட்டர் மட்டும் தனியே சீறிச் சுழன்று எஞ்சின் அசையாதிருந்தால், பினியன் தன் திருகுத்தண்டில் அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவினாற் போதும். இரக்கப்பட்டு அதற்கு எண்ணெய் பூசுவோரும் உளர். அந்த எண்ணெயிலே கிளச்சின் தூசி படிந்து, பினியன் பழையபடி ஒட்டிக்கொள்ளும்.

எமது வண்டியோ இவற்றுள் எதிலும் முற்றாக அடங்கவில்லை. விளக்குச் சிறிதே மங்கிற்று. பற்றறி ஓய்விலிருக்கையில் 12.6 வோல்ற்றுக் காட்டியது. அதன் முனைகளும் சுத்தமாகவே இருந்தன. இருக்கையிலமர்ந்து குமிழை இழுத்துக்கொண்டிருந்த மகன்தான் திடீரென்று கையை உதறி, "அப்பா, சோக் குமிழ் சுடுகுது!" என்றான்.

சோக் குமிழ் ஏன் சுடவேண்டும்? எஞ்சின் அமர்ந்திருப்பது இறப்பர்த் தாங்கிகளின்மேல். இறப்பர் மின்னைக் கடத்தாது. எனவே மோட்டருக்குச் செல்லும் பெருமின்னோட்டம் உடலின் வழியே பற்றறிக்கு வந்துசேர, எஞ்சினையும் உடலையும் இணைக்கும் செப்புப் பின்னல் ஒன்று வேண்டும். (இவ்வண்டியில் நேர்முனையே உடலோடு இணைந்தது, புதுப் பற்றறி பூட்டுவோர் இதை மறத்தலாகாது.) அப்பின்னல் துருவேறி இற்றுப்போனால், மின்னோட்டம் சோக் கேபிளின் மெல்லிய கம்பி வழியே புகுந்து அதனைச் சுடவைக்கும்.

வோல்ற்றுமானியின் ஒரு முனையைப் பற்றறியின் நேர்முனையிலும் மற்றதை எஞ்சினின் இரும்பிலும் வைத்து, மகனைக் குமிழை இழுக்கச் சொன்னோம். அரை வோல்ற்றுக்குட்பட்டால் பழுதில்லை. மூன்று வோல்ற்றுக்கு மேற் காட்டியது! நூறிலொரு பங்கு ஓம் தடையே 200 அம்பியர் பாயும்போது இரண்டு வோல்ற்றை விழுங்கிவிடும். ஓமின் விதியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அது மோட்டரின் கழுத்தை இவ்வாறு நெரிப்பதை அன்றுதான் கண்ணாற் கண்டோம்.

புதுப் பின்னல் ஒன்று வாங்கி, இரும்பு பளிச்சிடும்வரை இரு முனையிடங்களையும் சுரண்டிப் பூட்டி, மேலே வஸ்லீன் தடவினோம். அதே பழைய மோட்டர் எஞ்சினைச் சுறுசுறுப்பாய்ச் சுழற்றிற்று. காபன் பிரஷ் தேய்ந்திருப்பதும் உண்மையே. கராஜ்காரர் சொன்னது முழுப்பொய்யன்று. பிரஷை வரும் விடுமுறையில் மாற்றவேண்டும்.

தமையனார் செய்தியைக் கேட்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார். தாயாரும் முற்றாக நம்பிவிடவில்லை. ஹாண்டில் பின்பெட்டியில் இருக்கிறதா, சுழற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்வாயா என்று இரண்டையும் கேட்டுவிட்டே வண்டியில் ஏறுகிறார்.