வலிக்கு ஒரு சொல்

முதியோர் இல்லம் என்றதும் நம்மவர் முகம் மாறிவிடும். தமிழ்ப்பள்ளிச் சொற்போட்டி முதல் பல்கலைக்கழகப் பட்டிமன்றம் வரை அது என்றும் அழியாத் தலைப்பு. பெற்றவர்களை இல்லத்தில் சேர்ப்பவன் பிள்ளையே அல்ல என்று முழங்கினால் கைத்தட்டல் நிச்சயம். ஆனால் சென்ற ஆண்டு என் பாட்டியைக் கூலாயில் ஓர் இல்லத்தில் சேர்த்தபோது, அந்த மேடைகளில் நான் கேட்டிராத சில கேள்விகள் எங்கள் முன் வந்து நின்றன. அவற்றை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பாட்டி என் அம்மாவின் அம்மா. கூலாய் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அங்கேயே பால்மரம் சீவினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் உதிர்ந்த பழம் பொறுக்கினார். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்துவிட வேண்டும். ஊழியர் சேமநிதிப் பணத்தை முன்பணமாகக் கட்டித் தாத்தாவும் பாட்டியும் வாங்கிய மலிவுவிலை வீட்டில்தான் எங்கள் குடும்பம் இன்றும் வாழ்கிறது. ஆகவே, பாட்டியை நாங்கள் எங்கள் வீட்டிலிருந்து அனுப்பவில்லை. அவருடைய வீட்டிலிருந்தே அவரை அனுப்பினோம். அதுதான் எல்லாரையும் உறுத்தியது.

பாட்டிக்கு நீரிழிவு. பிறகு மறதியும் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. பாலத்து நெரிசலுக்கு அஞ்சி விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட்டுவிடுவார். அம்மாவுக்குச் செனாய் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நானோ பல்கலைக்கழக விடுதியில். ஒரு நாள் பின்னிரவில் பாட்டி கேட்டைத் திறந்துகொண்டு பெரிய சாலை வரை நடந்துவிட்டார். பக்கத்து வீட்டு அங்கிள் கண்டு அழைத்து வந்தார். "பெரட்டுக்கு நேரமாச்சு, விடுங்கய்யா" என்று அவரிடம் கெஞ்சினாராம் பாட்டி.

அதன்பின் குடும்பம் கூடிப் பேசியது. "ஊர் என்னக்கா சொல்லும்?" என்றார் மாமா. "ஊர் வந்து ராத்திரி கேட்டைப் பூட்டுமா?" என்று கேட்டார் பெரியம்மா. அம்மா ஒன்றும் பேசவில்லை.

விசாரித்தபோது பல செய்திகள் தெரியவந்தன. அரசாங்கம் நடத்தும் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள், 60 வயதைக் கடந்த, ஆதரிக்க உறவில்லாத ஏழைகளுக்கானவை. தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். பாட்டி அதில் அடங்கமாட்டார். தனியார் இல்லம் என்றால், நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் (சட்டம் 506) சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நாங்கள் சென்ற ஒவ்வோர் இடத்திலும் முதலில் அந்தப் பதிவுச் சான்றிதழைத்தான் கேட்டோம். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தோம். குளியலறையில் கைப்பிடிக் கம்பி உண்டா, தரை வழுக்குமா என்று கவனித்தோம். கடைசியில் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஓர் இல்லம் அமைந்தது. மாதக் கட்டணத்தை அம்மாவும் மாமாவும் பெரியம்மாவும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

பாட்டியின் நினைவு தெளிவாக இருந்த ஒரு காலையில் அம்மா அவரிடமே கேட்டார். பாட்டி வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு, "சோத்துக்கு ரசம் ஊத்துவாங்களா?" என்றார். "ஊத்தச் சொல்றேம்மா." "வீட்ட வித்துப்புடாதீங்க." அவ்வளவுதான்.

இல்லத்துப் பணியாளர்கள் அன்பானவர்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஒரு காலத்தில் கூலாய்ச் சந்தையில் மலாயில் பேரம் பேசி மீன் வாங்கியவர் பாட்டி. மறதி நோய் வந்தவர்களுக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிப் போவதுண்டு. பாட்டிக்கும் அப்படியே, மிஞ்சியது தமிழ் மட்டும். அவர் காலைக் காட்டி ஏதோ சொல்வார். பணியாளர் "சாக்கிட்?" என்பார். பாட்டி தலையாட்டுவார். வலி மாத்திரை கொடுப்பார்கள்.

விடுமுறையில் நான் போயிருந்தபோது, "என்ன பாட்டி, கால் வலிக்குதா?" என்றேன். "வலிச்சாத்தான் பரவாயில்லையே. மதமதன்னு கெடக்கு. என் காலு மாதிரியே இல்ல" என்றார். வலிக்கும் மரத்துப்போவதற்கும் எவ்வளவு தூரம்! பொறுப்பாளரிடம் "கெபாஸ்" என்றேன். அவர் உடனே காலுறையைக் கழற்றிப் பார்த்தார். உள்ளங்காலில் ஒரு சிறிய புண். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய காலில் புண் வந்தால் நோயாளிக்கே தெரியாது. கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்க நேரலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டு போனோம். புண் ஆறிவிட்டது.

அன்றிரவு நானும் அம்மாவும் ஓர் அட்டை எழுதினோம். பாட்டி வாயில் வரும் சொல், பக்கத்தில் மலாய்ச் சொல். மதமதப்புக்குக் கெபாஸ், கடுப்புக்கு லெங்கோ, எரிச்சலுக்குப் பெடே, குடைச்சலுக்கு ஙிலு, குத்தலுக்கு மென்சூசுக். பணியாளர்கள் படிக்கத் தமிழ்ச் சொற்களை மலாய் எழுத்திலும் எழுதினோம். பசி, தாகம், குளிர், தலைசுற்றல், "வெளிக்குப் போகணும்" என்பனவும் அதில் உண்டு. அட்டை இன்று பாட்டியின் கட்டிலருகே ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் அதைப் பார்த்து "கடுக்குதா, பாட்டி?" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

தமிழ்ப்பள்ளியில் படித்து என்ன கண்டாய் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தமிழ்ப்பள்ளி தந்த தமிழும் தேசிய இடைநிலைப்பள்ளி தந்த மலாயும் சேர்ந்தே அந்த அட்டை உருவானது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் உருவாகியிராது.

2030இல் நம் நாட்டு மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்று கணிக்கப்படுகிறது. தோட்டத்திலே வாழ்ந்து, தமிழ் ஒன்றே மிஞ்சிய பாட்டி தாத்தாக்கள் இன்னும் பலர் இத்தகைய இல்லங்களுக்கு வருவார்கள். தீபாவளிக்கு முறுக்கும் பழக்கூடையும் எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்துத் திரும்பும் பணி நல்லதுதான். அதோடு நம் தமிழ்ப் பேரவைகள் இதையும் செய்யலாமே: உங்கள் ஊர் இல்லத்தில் தமிழர் ஒருவர் இருந்தால், அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எங்கே எப்படி வலிக்கிறது என்று அவர் சொற்களிலேயே சொல்லக் கேட்டு எழுதுங்கள். மருத்துவம், தாதிமை பயிலும் நண்பர்கள் சரிபார்க்கட்டும். பிறகு அதைக் கட்டிலருகே ஒட்டிவிட்டு வாருங்கள்.